எஸ்.பி.ஜி. விலகினால் பாதுகாப்பே போச்சா?

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு முன்னாள் பிரதமர் இறங்குறார்னு வைங்க, கூட எஸ்.பி.ஜி. படை இல்லை. 'பாதுகாப்பைப் பறிச்சுட்டாங்க'ன்னு வாட்ஸ்அப்பில் பரவுது. நம்பலாமா?

எஸ்.பி.ஜி. சட்டத்தின் 2019 திருத்தப்படி, பதவி விலகிய பிரதமருக்கு 5 ஆண்டுகள்தான் அந்தக் காவல். பிறகு, அச்சுறுத்தலை மதிப்பிட்டு மத்திய உள்துறை 'இசட் பிளஸ்' போன்ற பாதுகாப்பைத் தரும். 2019 நவம்பரில் சோனியா, ராகுல், பிரியங்காவுக்கு எஸ்.பி.ஜி. விலக்கப்பட்டபோதும் சி.ஆர்.பி.எஃப். காவல் வந்தது. போகும் ஊரில் கூட்டத்தையும் சாலையையும் கவனிப்பது அந்த மாநில போலீஸ். இங்கே கேரள போலீஸ்.

ஆனாலும் கவலை வீண் அல்ல. 1989-ல் ஆட்சி போனதும் ராஜீவ் காந்திக்கு எஸ்.பி.ஜி. விலக்கப்பட்டது, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் முன்னாள் பிரதமர்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள்.

அதனால், ஃபார்வர்டு பண்ணும் முன் கேளுங்க: விலக்கினது எந்தப் படை, பதிலுக்கு வந்தது எது?