பிரதான தூதனும் அமோனியாவும்

மனம் மூளையின் செயலே என்றால், ஆன்மாவைக் குறித்து நாம் போதிப்பது யாது? இவ்வினாவுக்கு விடை தேடிய பிரித்தானிய மெய்யியலார் சிலர் வேதியியலைத் துணைக்கு அழைத்தனர்.

1843இல் வெளியான தருக்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில், காரணங்கள் இருவகையாய்க் கூடுகின்றன என்றார். இரு விசைகள் ஒரு பொருளைத் தள்ளும்போது விளைவு அவற்றின் கூட்டே. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் நீரிலோ அவ்விரண்டின் இயல்புகளும் காணப்படுவதில்லை. சில எண்ணங்களும் இவ்வாறே பிறக்கின்றன என்று அவர் கருதினார். செங்கல்லும் சாந்தும் சேர்ந்து சுவராவதைப்போல் மனத்தை விளக்கிய தம் தந்தை ஜேம்ஸ் மில்லுக்கு மகன் தந்த மறுமொழி எனவும் இதனைக் கொள்ளலாம்.

1925இல் சி. டி. பிராட் இக்கருத்தைக் கூர்மையாக்கினார். வெள்ளியையும் குளோரினையும் தனித்தனியே ஆராய்ந்து வெள்ளிக் குளோரைடின் இயல்பை அறிய இயலாது என்றார். ஆனால் 1927இல் ஹைட்லர், லண்டன் என்னும் இயற்பியலார் இருவர், ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு பிணைவதன் காரணத்தைக் குவாண்டம் கொள்கையால் விளக்கினர். இரண்டே ஆண்டுகள்! அறிவியல் இன்னும் விளக்காத இடைவெளியில் ஆன்மாவுக்கு இடம் தேடும் பிரசங்கியார் இதனை மறவாதிருப்பது நலம்.

ஆயினும் பிராட் கூறிய பிறிதொன்று வீழவில்லை. கணிதத்தில் வல்ல பிரதான தூதன் ஒருவனை அவர் கற்பனை செய்தார். அணுக்களின் நுண்ணமைப்பைக் காணவல்ல அத்தூதன் அமோனியாவின் கட்டமைப்பைக் கணித்துவிடுவான். மனிதனின் மூக்கில் அது எத்தகைய மணமாய் உணரப்படும் என்பதை முன்னுரைக்கமாட்டான். வேதியியல் முழுதும் விளக்கப்பட்டாலும் இவ்வாதம் நிற்கும். எனினும், உடலின்றி வாழும் ஆன்மா ஒன்று உண்டென்பதை இதிலிருந்து நாம் பெற முடியாது. விளக்கப்படாமல் நிற்பது உணர்வே. அவ்வுணர்வும் மூக்குள்ளவனுக்கே உரியது.

மரணத்திற்குப் பின் எஞ்சுவது பற்றியும் பிராட் அந்நூலிலேயே ஆராய்ந்தார். மனம் ஒரு சேர்மம் போன்றதாகலாம். உடல் ஒரு கூறு, உடலல்லாத காரணி மற்றொன்று. தனித்து நிற்கையில் இரண்டும் மனமல்ல என்பது அவர் முன்வைத்த ஒரு கருதுகோள். கிறிஸ்தவ விசுவாசத்தை நிலைநாட்ட அவர் இதை எழுதவில்லை. ஆயினும், பிளேட்டோவின் அழியா ஆன்மாவைவிட, 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதும் சரீர உயிர்த்தெழுதலுக்கே இக்கருதுகோள் அண்மையில் நிற்கிறது. அடக்க ஆராதனையில் நாம் பேசும் ஆறுதல் மொழிகளில் பிளேட்டோ எவ்வளவு, பவுல் எவ்வளவு?