உழைப்பின் சூடு

மார்கழிக் காலையில் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பவருக்குக் குளிர் நடுக்குகிறது. அதே கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவளுக்கோ நெற்றியில் வேர்வை அரும்புகிறது. காற்று ஒன்றுதான், சுவர்களும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வித்தியாசம்? இதற்குக் கணக்கோடு விடை தேடியவர் பிரெஞ்சு தேசத்து விஞ்ஞானி லவாஸியே.

1783-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், லப்லாஸ் என்ற கணித மேதையோடு சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரம் ஒன்றில் அவர் ஒரு சீமைப் பெருச்சாளியை அடைத்தார். அதன் உடற்சூட்டில் உருகிய நீரை நிறுத்துப் பார்த்தார். சுவாசிப்பதும் ஒருவகை எரிதல்தான், பிராணி என்பது புகையாத அடுப்பு என்ற முடிவுக்கு வந்தார்.

1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனிதனையே பரிசோதிக்கத் துணிந்தார். உதவியாளர் ஸெகேன் முகமூடி அணிந்து நாற்காலியில் அமர்ந்தார். சும்மா இருக்கையில் அவர் உட்கொண்ட பிராணவாயுவை முதலில் அளந்தார்கள். பிறகு காலால் மிதிகட்டையை மிதித்து வேலை செய்யச் சொல்லி அளந்தார்கள். இரண்டரை மடங்குக்கும் அதிகம்! லவாஸியேயின் மனைவி மரீ ஆன் அந்தக் காட்சியைச் சித்திரமாகத் தீட்டி வைத்திருக்கிறார். படத்தில் மேஜையருகே குறிப்பெழுதும் பெண்மணி அவரேதான்.

உண்ட உணவின் சக்தியில் சிறு பங்குதான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் சூடாகிறது. அந்தச் சூடு வெளியேறாவிட்டால் புழுக்கம். உண்டாவதைவிட அதிகமாக வெளியேறினால் குளிர். 1941-ல் இதற்கு 'மெட்' என்று ஓர் அளவை வகுத்தார்கள். சும்மா அமர்ந்திருப்பவரின் சூடு ஒரு மெட். அவர் உடலிலிருந்து ஏறக்குறைய நூறு வாட் பல்பின் சூடு வெளியேறுகிறது. நடப்பவருக்கு இது இரட்டிப்பாகும். ஆகவே அமர்ந்திருப்பவருக்கு இதமான அறை உழைப்பவருக்கு இதமாக இராது.

லவாஸியே இத்தோடு நிற்கவில்லை. கையால் உழைத்துப் பிழைக்கும் ஏழை, சோம்பியிருக்கும் செல்வந்தனைவிட அதிகமாக எரிகிறான். அவனுக்குக் குறைவாகவும் இவனுக்கு அதிகமாகவும் உணவு கிடைப்பது என்ன நியாயம் என்று கேட்டார். புரட்சி கூலியை உயர்த்தும் என்று நம்பினார். ஆனால் அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி ஜனங்களிடம் வரி வசூலித்த குத்தகைக் கூட்டத்தின் பங்கிலிருந்து வந்தது. அந்தக் குற்றச்சாட்டிலேயே 1794 மே 8-ஆம் தேதி புரட்சி அவர் தலையை வாங்கியது.

வேர்வை சிந்துகிறவனுக்குச் சோறும் காற்றும் போதுமான அளவு கிடைக்கின்றனவா? அவர் தொடங்கிய அந்தக் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.