பாவசங்கீர்த்தனம் யாருக்கு? பாமாவின் எழுத்தில் அன்றாட விசுவாசம்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் கூட்டங்களில் யாரும் தொடாத ஒரு பொருள்: ஓர் எழுத்தாளரின் சாமி நம்பிக்கை. சாதியைப் பேசுகிறோம், நிலத்தைப் பேசுகிறோம், வட்டாரமொழியைப் பேசுகிறோம். எழுத்தாளர் காலையில் எழுந்து என்ன ஜெபம் சொன்னார் என்று கேட்க மட்டும் நமக்குக் கூச்சம். பாமாவை வாசிப்பதில் இந்தக் கூச்சம் நமக்கு நஷ்டத்தையே உண்டாக்கியிருக்கிறது. 'கருக்கு' 1992இல் வந்தது. இன்றைக்கும் அதை 'திருச்சபையை எதிர்த்த நூல்' என்று ஒரு வரியில் சொல்லி முடிக்கிறோம். சபைக்காரர்களிடமும் ஒரு வரி இருக்கிறது: மடத்தைவிட்டு வெளியேறிய ஒரு சிஸ்டரின் கோபம். 1958இல் பிறந்த ஒரு பெண் முப்பத்து நான்கு வயது வரை நாள்தோறும் செய்துவந்த காரியங்கள் இந்த இரண்டு வரிக்குள்ளும் அடங்குவதில்லை.

அந்தக் காரியங்களிலிருந்து தொடங்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது புதுப்பட்டி. அங்கே பறையர் தெரு முழுக்கக் கத்தோலிக்கம். பள்ளிக்கூடம், கோயில், சாமியார் பங்களா, தபாலாபீஸ் எல்லாம் மேல்சாதித் தெருக்கள் பக்கம். பாட்டி கோழி கூவும் முன்பே எழுந்து நாயக்கர் காட்டுக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். பிள்ளைக்கோ இன்னொரு கடிகாரம்: பூசைமணி, ஞானோபதேச வகுப்பு, மனப்பாடமாய்ச் சொல்ல வேண்டிய மந்திரங்கள், புதுநன்மை, பெரிய வெள்ளி, பாஸ்கா, கிறிஸ்துமஸ். கூலிவேலையின் நேரமும் கோயிலின் நேரமும் ஒரே வீட்டுக்குள் ஓடுகின்றன. விசுவாசம் என்றால் ஏதோ உள்ளத்தில் நடப்பது என்று படித்தவர்கள் நினைக்கிறோம். 'கருக்கு'வில் அது முதலில் உடம்பின் பழக்கம். எந்த மணிக்கு எழுவது, எங்கே முழங்கால் போடுவது, யார் வந்தால் எழுந்து நிற்பது என்பதில்தான் தொடங்குகிறது.

இந்தப் பழக்கங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டும். பாவசங்கீர்த்தனம். கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஏழெட்டு வயதிலேயே இதற்குப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. முதலில் ஆத்தும சோதனை: போன தடவைக்குப் பிறகு என்னென்ன தப்புச் செய்தோம் என்று உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும். பொய் சொன்னேன், திருடினேன், பூசைக்குப் போகவில்லை, அம்மா பேச்சைக் கேட்கவில்லை. பிறகு முழங்காலில் நின்று சாமியார் காதில் சொல்ல வேண்டும். தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார், கணக்கெடு, மறைக்காமல் வாய்விட்டுச் சொல். நம் சேரிப் பிள்ளைகளுக்கு 'நீ உன் வாழ்க்கையைச் சொல்' என்று வேறு எந்த நிறுவனம் சொன்னது? ஆனால் சொல்லச் சொன்னது பாவத்தை மட்டும்.

இதோடு சேர்த்து 'கருக்கு'வில் வரும் தேங்காய்ச் சம்பவத்தைப் படியுங்கள். பள்ளிக்கூடத்துத் தென்னையிலிருந்து ஒரு காய் விழுந்துவிட்டது. திருட்டுப் பழி சேரிப் பிள்ளைமேல் விழுகிறது. எல்லோர் முன்னாலும் தலைமையாசிரியர் சாதியைச் சொல்லித் திட்டி வெளியே அனுப்புகிறார். வகுப்புக்குள் திரும்ப வேண்டுமானால் சாமியாரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். சாமியாரும் சேரிக்காரி செய்திருப்பாள் என்ற தொனியில்தான் பேசுகிறார். ரகசியமாய்ப் பாவங்களைக் கேட்டு மன்னிக்கும் இடத்தில் இருக்கிறவர், இந்தப் பிள்ளை செய்யாத பாவத்தைப் பிறப்பிலிருந்தே எடுத்து அதன் தலையில் வைக்கிறார். வேதத்திலுள்ள ஜென்மப்பாவம் ஞானஸ்நானத்தில் கழுவப்பட்டுவிடும் என்பது போதனை. சேரிப்பிறப்பு என்ற பாவத்தைக் கழுவத் தண்ணீர் இல்லை.

இந்த நிலைமை புதுப்பட்டியில் தொடங்கியதல்ல. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி சாதி வேறுபாட்டை ஊர்வழக்கம் என்று ஏற்றுக்கொண்டுதான் வேதம் போதித்தார். அதே நூற்றாண்டில் மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு பிரிவாகக் கட்டினார்கள். வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவிலிருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. வரலாற்று நூல்கள் விரும்பிப் பேசும் சுவர் இது. கல்லறைத் தோட்டங்களில் நம் மக்களைத் தனியே வைத்த சுவர்களைப் பற்றி அந்த அளவு யாரும் எழுதவில்லை. 1990இல்தான் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கென்று பத்து அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தது. போராட்டங்கள் நெருக்கியதால் வந்த அறிவிப்பு அது.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். பாமாவின் 'சங்கதி'யில் (1994) இதை ஆணை எண் எதுவும் தெரியாத ஒரு கிழவி சொல்கிறார்: இலவசப் படிப்பு என்று சாமியார்கள் சொன்னார்கள், பறையர்கள் வேதத்தில் சேர்ந்தார்கள், சேராதவர்களுக்கு இப்போது சர்க்கார் சலுகை, நமக்கு இல்லை. என்னுடைய முதுகலை வகுப்பில் மூன்று வாரம் நடத்திய பாடம் இந்தக் கிழவியின் பேச்சில் அரைப்பக்கம்கூட வராது.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன். நம் தலித் பண்பாட்டு ஆய்வின் பெரிய பெயர், 2024 நவம்பரில் நம்மைவிட்டுப் போனார். அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) என்ற தன்வரலாற்று நாவலையும் 'கருக்கு'வையும் அடுத்தடுத்து வாசிக்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஊர், ஒரே பூசை. அண்ணனின் நாவலில் சிலுவைராஜ் படித்துவிட்டு வேலையில்லாமல் அலைந்து, கடைசியில் சான்றிதழுக்காக இந்துவாகிறான். வாசிக்கும்போது சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். தங்கை எதிர்த்திசையில் போகிறார். ஆசிரியை வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்கிறார். விசுவாசம் தலித்துக்கு விதித்த விலையை இருவரும் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் தாசில்தார் ஆபீஸில், மற்றவர் மடத்துக்குள்.

மடத்துக்கு அவர் ஏன் போனார் என்பதை நாம் சரியாகக் கேட்பதில்லை. ஏமாந்து போகவில்லை. ஏற்கெனவே சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் ஐந்து ஆண்டு வேலை பார்த்து, தலித் பிள்ளைகள் அங்கே எப்படி நடத்தப்பட்டார்கள் என்று கண்ணால் கண்டவர் அவர். ஏழைகளுக்காக வாழ்ந்த ஒரு நிறுவனரின் கதையை நம்பி, உள்ளேயிருந்து வேலை செய்யலாம் என்று போனார். விசுவாசம் முற்றி எடுத்த அரசியல் முடிவு என்றே நான் அதைப் படிக்கிறேன். உள்ளே போன பிறகு கண்டது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கூட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும் தலித்துகள். சில துறவற சபைகள் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களைச் சேர்ப்பதே இல்லை என்ற பேச்சு பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுகிறது. வேளாவேளைக்கு நல்ல சாப்பாட்டோடு ஏழ்மைக்கு வார்த்தைப்பாடு கொடுப்பது அவருக்குப் பொய்யாகப் படுகிறது. ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வருகிறார். கையில் வேலை இல்லை, காசு இல்லை. அந்த நேரத்தில் எழுதியதுதான் 'கருக்கு'.

அதை எழுதிய முறையைக் கவனியுங்கள். திரும்பிப் பார்ப்பது, கணக்கெடுப்பது, மறைக்காமல் சொல்வது. சிறுவயதில் பழகிய அதே ஆத்தும சோதனை. ஆனால் இந்தத் தடவை முழங்காலில் நிற்பவர் மாறிவிட்டார். பாவங்களின் பட்டியல் சபையுடையது, பள்ளிக்கூடத்துடையது, ஊருடையது. கேட்கிறவர் வாசகர். மன்னிப்பு வழங்கப்படவில்லை. சபையை விமர்சிக்க அவர் எடுக்கும் ஆயுதமும் சபையிலிருந்தே வருகிறது: பணிவு, பொறுமை, கீழ்ப்படிதல் என்று போதித்தவர்கள், அநீதியைக் கண்டு கோபப்படும் கடவுளை ஏன் எங்களுக்குக் காட்டவில்லை என்று கேட்கிறார். நாத்திகருக்கு இந்தக் கேள்வி தேவைப்படாது. விசுவாசம் உள்ளவருக்குத்தான் இது உயிர்ப்பிரச்சினை.

தலைப்பும் அப்படித்தான். கருக்கு என்பது விறகு பொறுக்கப் போன பிள்ளையின் கையைக் கீறிய பனைமட்டையின் பல். எபிரேயர் நிருபத்தில் வரும் இருபுறமும் கூரான வாள், கடவுளின் வார்த்தை, அதுவும் அந்தச் சொல்லுக்குள் இருப்பதை முன்னுரையிலேயே அவர் தொட்டுக்காட்டுகிறார். பனைமட்டையைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம்.

மடத்தைவிட்டு வந்த பிறகு அவர் ஆசிரியர் வேலைக்குப் போனார், தொடர்ந்து எழுதினார். 'சங்கதி'யில் விசுவாசம் மடத்துப் பேச்சாக வருவதில்லை, வேலைக்குப் போகும் பெண்களின் பேச்சாக வருகிறது. புருசன் அடிக்கிறான், அத்துக்கொண்டு போக முடியவில்லை, ஏனென்றால் கோயிலில் வைத்துக் கட்டிய தாலி. வேதத்தில் சேராத மற்றச் சாதிப் பெண்களுக்குத் தீர்த்துவிட்டு வர வழியிருக்கிறது, நமக்கு மட்டும் சாமியார் விடமாட்டேன் என்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் பேசுகிற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகிறார்கள்.