'எழுத்தில் மட்டுமே': இங்கிலாந்தின் 1989-ஆம் ஆண்டு சொத்துச் சட்டத்து இரண்டாம் பிரிவுக்கு விளக்கவுரை

இங்கிலாந்திலும் வேல்சிலும் வீடு வாங்குவார்க்கு எழும் ஐயங்களுள் தலையாயது, 'விற்பானும் யாமும் எப்பொழுது கட்டுண்டோம்?' என்பது. அவ்வையம் அறுப்பது 1989-ஆம் ஆண்டில் இயற்றிய சொத்துச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, முதல் உட்பிரிவு. அதன் பொருள் தமிழில் வருமாறு:

"நிலத்தின்மேலுள்ள உரிமையை விற்றற்கேனும் வேறு வகையாற் கைமாற்றற்கேனும் செய்யும் ஒப்பந்தம் எழுத்தில் மட்டுமே ஆகும், இரு திறத்தாரும் வெளிப்பட உடன்பட்ட விதிகள் அனைத்தையும் ஓர் ஆவணத்தில், அன்றிப் படிகள் மாற்றிக்கொள்ளுமிடத்து ஒவ்வொரு படியிலும், அடக்கி மட்டுமே ஆகும்."

நிலத்தின்மேலுள்ள உரிமையை: நிலம் என்றது மண்ணோடு அதன்மேல் நிற்கும் கட்டடத்தையும் தழுவிற்று. 'நிலத்தை' என்னாது 'உரிமையை' என்றமையான், ஃப்ரீஹோல்டு என்னும் முழுவுரிமையும், அடுக்குமாடி வீடுகட்குப் பெரும்பான்மையும் உரிய லீஸ்ஹோல்டு என்னும் குத்தகையுரிமையும் ஒருங்கே அடங்கின.

அஃதேல், எல்லா ஒப்பந்தமும் இதன்பாற் படுமோ எனின், படா. பொது ஏலத்தில் ஆகும் ஒப்பந்தத்தை ஐந்தாம் உட்பிரிவு விலக்கிற்று. ஆங்குச் சுத்தியல் விழுந்த அளவிலே ஏலம் எடுத்தான் கட்டுண்பான். ஆதலின் ஏலத்தில் வாங்குவான் பத்திரங்களை விலை கேட்கப் புகுமுன்னரே ஆராய்ந்திருத்தல் வேண்டும் என்பது பெற்றாம்.

எழுத்தில் மட்டுமே ஆகும்: இதன் ஆற்றல் முழுதும் 'மட்டுமே' என்பதன்கண் நின்றது. 1677-ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டமும், அதன் வழிவந்த 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்து நாற்பதாம் பிரிவும், வாய்மொழி ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டு, அதனை வழக்கிட எழுத்தைச் சான்றாக வேண்டின. இந்நூற்பாவோ எழுத்தையே ஒப்பந்தமாக்கிற்று. எழுத்தின்றேல் ஒப்பந்தமே இன்று என்றவாறு.

இதனாற் போந்த பொருள்: வாங்குவான் சொன்ன விலையை விற்பான் ஏற்றான் என எஸ்டேட் ஏஜென்ட் உரைத்த அளவில் ஒருவரும் கட்டுண்ணார். பின்வந்தான் ஒருவன் மிகுவிலை தர, விற்பான் அவன்பாற் சாய்தலும் கூடும். வாங்குவான் விலகலும் கூடும். அற்றேல், அதுகாறும் வீட்டின் நிலை ஆராயும் சர்வேயர்க்கும் சட்டவினை முடிக்கும் சொலிசிட்டர்க்கும் கொடுத்த பொருளை விற்பானிடம் கேட்கலாமோ எனின், பொதுவகையாற் கேட்கலாகாது. கட்டில்லாவழி முறிவும் இல்லை என்க.

வெளிப்பட உடன்பட்ட விதிகள் அனைத்தையும்: 'வெளிப்பட' என்றமையான், சட்டம் தானே உய்த்துச் சேர்க்கும் விதிகளை எழுதவேண்டா என்பதாயிற்று. 'அனைத்தையும்' என்றது எஞ்சாமை குறித்தது. கூரையைப் பழுது பார்த்துத் தருவல் என விற்பான் ஒப்புக்கொண்டு, அஃது ஆவணத்தில் ஏறாதாயின், அச்சொல் பயன்படாது ஒழிதலேயன்றி, ஒப்பந்தத்தின் நிலையே ஐயுறவுக்கு இடனாதலும் உண்டு. தரைவிரிப்பு, அடுப்பு, திரைச்சீலை இவற்றுள் எவை வீட்டோடு நிற்கும் என்பதற்குத் தனிப் படிவம் நிரப்பி ஒப்பந்தத்தோடு இணைத்தல் இது பற்றியே. எல்லாவற்றையும் ஒரு தாளிலே எழுதல் வேண்டுமோ எனின், வேண்டா. பிறிதோர் ஆவணத்தைச் சுட்டி அடக்கலும் அமையும் என்றது இரண்டாம் உட்பிரிவு.

ஈண்டு ஒன்று உணர்க. விற்பான் தன் வீட்டைக் குறித்து வாங்குவானது வினாவுக்கு எழுதிய மறுமொழி, அண்டை வீட்டாரோடு வழக்கில்லை என்பது போல்வது, விதி அன்று, கூற்று. அது பொய்ப்படின் 1967-ஆம் ஆண்டுத் தவறான கூற்றுச் சட்டத்தின்வழித் தீர்வு நாடலாம்.

படிகள் மாற்றிக்கொள்ளுமிடத்து ஒவ்வொரு படியிலும்: படி என்றது ஒரே வாசகம் உடைய இரண்டு பிரதிகளை. வாங்குவான் ஒன்றிலும் விற்பான் மற்றொன்றிலும் ஒப்பமிடுவர். இருவரும் ஒரே படியில் ஒப்பமிட வேண்டா என்றது மூன்றாம் உட்பிரிவு. ஒப்பம் யாது எனின், மையெழுத்தே என்னும் வரையறை இன்று. மின்னஞ்சலின் அடியில் தானே விழுமாறு அமைத்த பெயரும் ஒப்பமாம் என 2019-இல் மான்செஸ்டர் நகரக் கவுண்டி நீதிமன்றம் கொண்டது. ஆகலின் மின்னஞ்சல் விடுப்பானும் விழிப்புடையனாதல் வேண்டும்.

'மாற்றிக்கொள்ளுமிடத்து' என்றமையான், ஒருவன் ஒப்பமிட்ட படி மாற்றப்படாது தன் சொலிசிட்டர் கையில் இருக்குமளவும் கட்டில்லை. தொலைபேசிவழி மாற்றிக்கொள்ளலும் செல்லும் என முறையீட்டு நீதிமன்றம் முன்னரே துணிந்தது. அதற்கென வாய்பாடுகளை வழக்கறிஞர் சங்கம் வகுத்துள்ளது. மாற்றம் நிகழ்ந்த கணமே இருவரும் கட்டுண்பர். விலையிற் பத்திலொரு பங்கு முன்பணமாகத் தருதல் வழக்கு. வாங்குவான் பின்வாங்கின் அதனை இழப்பான். பெரும்பாலும் அன்று தொட்டே வீட்டுக்கு வரும் சேதம் வாங்குவான் தலையதாகலின், காப்பீடும் அன்றே தொடங்கல் வேண்டும்.

இதுகாறும் கூறியவாற்றான், அந்நிலம் குறித்துப் பொதுப் பதிவேடுகளிற் செய்யும் தேடலின் முடிவும் அடமானக் கடனுக்கு வங்கி தந்த எழுத்தும் கையில் வருமுன் படி மாற்றுதற்கு இசைதல் பிழை என்பது போதரும். 'வாயால் உடன்பட்டு எழுத்தில் ஏறாதது யாது?' என்னும் வினாவை வாங்குவான் தன் சொலிசிட்டர்பால் விடுக்க. அதனைக் கேட்டற்குரிய காலம் படி மாறுதற்கு முன்னரே என்க.