பத்தொன்பது வயது விதி பிறந்த கதை

சித்தூரிலோ திருப்பதியிலோ கூடைப்பந்தில் கெட்டிக்காரனான ஒரு பையன் இன்டர் முடித்தால் வீட்டில் எழும் பேச்சு ஒன்றுதான்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எந்தக் காலேஜ் கிடைக்கும், அங்கிருந்து ரயில்வேக்கோ வங்கிக்கோ போக முடியுமா? படிப்பை விட்டுப் பந்தை மட்டும் நம்பிப் பிழைப்பது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அப்படிப் பிழைக்க நம் நாட்டில் நிலையான சம்பள லீக் இல்லை. அமெரிக்காவில் என்.பி.ஏ. இருக்கிறது. அங்கே கேள்வி வேறு: கல்லூரியா, நேரே என்.பி.ஏ.வா? ஆனால் பையன் பதில் சொல்லும் முன்பே ஒரு விதி பதில் சொல்லிவிடுகிறது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கிற ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்கப் பையன் என்றால் பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டும் கழிந்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் இருந்த விதி இதைவிடக் கடுமை. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கும் காலம் வரை, அதாவது பள்ளி முடித்து நான்கு ஆண்டு, காத்திருக்க வேண்டும். கல்லூரி வாசலை மிதிக்காதவனுக்கும் அதே கணக்குதான். அணி முதலாளிகளுக்குக் கல்லூரிகள் செலவில்லாத நாற்றங்கால். பையனை வளர்த்து, ஊரறிந்த பெயராக்கி, கையில் கொடுத்துவிடும். கல்லூரிக்கும் நட்டமில்லை, கூட்டம் சேர்க்கும் ஆட்டக்காரன் சம்பளமில்லாமல் கிடைத்தான்.

இதை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். 1949இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். தாய் பருத்தி எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். இவரும் சிறுவயதில் பருத்திக் காட்டில் குனிந்து நிமிர்ந்தவர்தான். 19 வயதில், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம். டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஆடிவிட்டு, அன்று என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக இருந்த ஏ.பி.ஏ. லீக்கின் டென்வர் அணியில் சேர்ந்தார். குடும்பக் கஷ்டத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1969-70இல் ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளி. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது, சிறந்த புதுமுக விருது இரண்டும் அவருக்கே.

ஒப்பந்தத் தகராறில் டென்வரை விட்டு வெளியேறியவரை, என்.பி.ஏ.வின் சியாட்டில் அணி முதலாளி சாம் ஷுல்மன் துணிந்து எடுத்தார். நான்கு ஆண்டு முடியவில்லை என்று லீக் தடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஹேவுட் களமிறங்கினார். வெளியூர் அரங்குகளில் ஒலிபெருக்கியில், சட்டவிரோதமான ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இருக்கிறார் என்று அறிவிப்பார்களாம். பின்னாளில் அவரே சொன்னது. 1971 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், ஹேவுட் ஆடலாம் என்று கீழ்க்கோர்ட்டு கொடுத்த உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தினார். முதலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒருவன் பிழைப்பைத் தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பதே வழக்கின் சாரம். லீக் சமரசத்துக்கு வந்தது. கஷ்டத்தை நிரூபித்தால் வரலாம் என்றது. 1976இல் அந்த நிபந்தனையும் போனது.

கதவு திறந்ததும் கூட்டம் முண்டியடிக்கவில்லை. 1974இல் மோசஸ் மலோன் பள்ளியிலிருந்து நேரே ஏ.பி.ஏ.வுக்குப் போனார். மறு ஆண்டு டாரில் டாக்கின்ஸும் பில் வில்லபியும் நேரே என்.பி.ஏ.வுக்கு. அதன்பின் இருபது ஆண்டு இடைவெளி. 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் என்று பெரிய பெயர்கள் வந்தபோதுதான் ஒவ்வொரு பள்ளிப் பையனுக்கும் ஆசை வந்தது. 1998இல் தேர்வான கொர்லியோன் யங் போன்றவர்களையும் நினைவில் வைக்க வேண்டும். என்.பி.ஏ.வில் அவர் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டம். தொழில்முறைக்குப் போய்விட்டதால் கல்லூரி அணிக்குத் திரும்பும் வழியும் அடைபட்டிருந்தது.

முதலாளிகளுக்கு இது பண நட்டம். பதினெட்டு வயதுப் பையனைப் பள்ளி ஆட்டத்தில் பார்த்து லட்சக்கணக்கான டாலர் கட்டுவது சூதாட்டம். அப்போது லீக்கின் தலைவராக இருந்த டேவிட் ஸ்டெர்ன், வயது வரம்பு 20 ஆக வேண்டும் என்றார். 2005இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு நடந்த பேரத்தில் 19இல் முடிந்தது. 2006 டிராஃப்ட் முதல் அமலுக்கு வந்தது. 1971இல் நான்கு ஆண்டு விதி விழுந்தது; இந்த விதி விழாததற்குக் காரணம் இதுதான். சங்கமே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் போட்டிச் சட்டம் எளிதில் தலையிடாது. ஆனால் சங்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர்கள். விதியால் வெளியே நிற்கப்போகும் பள்ளிப் பையனுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

இந்த விதியின் ஓரமாக நுழைந்தவர் நம் சத்னம் சிங். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். 2010இல், 14 வயதில், ஆங்கிலம் தெரியாமலே உதவித்தொகையோடு புளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். உயரம் 7 அடி 2 அங்குலம். கல்லூரி அணிகள் கேட்ட பாடத் தகுதி கைகூடவில்லை. வயது நிறைந்து, கூடுதலாக ஓராண்டு அகாடமியிலேயே இருந்ததால் விதி தடுக்கவில்லை. 2015 ஜூன் 25 அன்று டல்லஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தது. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. கீழ்நிலை லீக்கில் இரண்டு பருவம் ஆடி, பின்னாளில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். மறுபக்கம், கனடாவில் வளர்ந்த பஞ்சாபி வம்சாவளி சிம் புல்லர் கல்லூரியில் இரண்டு பருவம் ஆடியவர். டிராஃப்டில் யாரும் அவரை எடுக்கவில்லை. ஆனாலும் 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ அணிக்காக மூன்று ஆட்டம் களத்தில் நின்றார். கல்லூரி வழி, நேர்வழி இரண்டுக்குமே உத்தரவாதமில்லை.

2021 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அதனால், கல்லூரி வேண்டாம் என்ற பையன்களுக்காக என்.பி.ஏ. 2020இல் தொடங்கிய இக்னைட் அணிக்கு வேலையில்லாமல் போனது; 2024இல் அதை மூடிவிட்டார்கள். விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

நான்கு ஆண்டு விதியானாலும் சரி, 19 வயது விதியானாலும் சரி, பையனின் படிப்புக்காகப் பிறந்தவை அல்ல. நட்டத்தை யார் தாங்குவது என்ற கணக்கில் பிறந்தவை. ஆகவே சித்தூர், திருப்பதிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அகாடமி, லீக், வெளிநாடு என்று யார் வந்து கூப்பிட்டாலும், முழங்கால் போனால் படிப்புச் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.