முகப்பரு மருந்தும் முன்னூல்களும்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851ஆம் ஆண்டில் ஒரு கதவுக் குமிழைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்துவந்த குமிழைக் களிமண்ணால் செய்து, அதற்குப் ‘பேட்டண்டு’ எனப்படும் காப்புரிமை பெற்றிருந்தனர் ஹாட்ச்கிஸ் தரப்பினர். குமிழைத் தண்டோடு பொருத்தும் முறையோ பழையது. அதில் மண்ணைச் சேர்க்கச் சாதாரணத் தொழிலாளியின் திறமையே போதும் என்று நீதிமன்றம் உரிமையை மறுத்தது. வழிநூலுக்கு ஒரு விகற்பம் இருந்தால் போதும் என்பர் நம் இலக்கண நூலார். காப்புரிமைக்கு அது போதாது. அவ்விகற்பம் துறையறிந்தார்க்குத் தெற்றெனப் புலப்படாததாகவும் இருத்தல் வேண்டும். 1952இல் இக்கொள்கை அந்நாட்டுச் சட்டத்திலும் ஏறியது.

ஆனால், விடையைக் கண்டபின் எக்கணக்கும் எளிதாகவே தோன்றும். ‘இந்த ஏட்டில் பாதி, அந்த ஏட்டில் பாதி இருக்கிறதே’ என்று எந்தப் புதுமையையும் தள்ளிவிடலாம். ஆகவே, ஏடுகளை ஒன்றுசேர்க்கத் தூண்டியது எது என்று கேட்பதைக் காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கமாகக் கொண்டது. 2007இல், மோட்டார் வண்டியின் மிதிகட்டை பற்றிய வழக்கொன்றில், அக்கேள்வியை இவ்வளவு இறுக்கிப் பிடித்தல் தவறு என்றது உச்ச நீதிமன்றம். தூண்டுதல் ஏட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டுவதில்லை. துறை வல்லுநரும் தாமே சிந்திக்கத் தெரிந்தவர்தாமே!

இம்மாற்றத்திற்குப் பின் வந்ததே முகப்பரு மருந்து வழக்கு. கால்டெர்மா நிறுவனத்தின் ‘டிஃபரின்’ ஜெல்லில் அடாபலீன் என்னும் மருந்து 0.3 சதவிகிதம் உண்டு, 0.1 சதவிகித ஜெல் முன்னரே விற்பனையில் இருந்தது. 0.3 ஜெல்லைப் போன்ற பொதுப்பெயர் மருந்தை விற்க டோல்மர் நிறுவனம் அனுமதி கேட்கவே வழக்கு மூண்டது. டோல்மர் காட்டிய முன்னூல்களில் முக்கியமானவை இரு வகை. 0.01 முதல் 1 சதவிகிதம் வரை அடாபலீன் சேர்க்கலாம் என்றன பழைய காப்புரிமைகள். மருந்தோடு கலக்கும் மற்றப் பொருள்களைக் காட்டியது 0.1 ஜெல்லின் விவரத்தாள். இரண்டையும் அருகருகே வைத்தால் புதிய ஜெல் முழுவதும் அவற்றில் அடங்கிவிடும்.

அளவு கூடினால் தோல் எரிச்சலும் கூடும் என்று வல்லுநர் எதிர்பார்த்திருக்க, 0.3ஐத் தேடிச்செல்லத் தூண்டுதல் ஏது என்று கேட்ட டெலவேர் மாவட்ட நீதிமன்றம், உரிமை செல்லும் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 டிசம்பர் 11இல் அதை மாற்றியது. சொன்ன எல்லைக்குள்ளேயே 0.3 இருக்கிறது, அதைவிட்டு விலகச் செய்யும் காரணமோ எதிர்பாராத பயனோ இருந்தால் உரிமையாளரே எடுத்துவைக்க வேண்டும் என்றது. மும்மடங்கு மருந்திட்டும் எரிச்சல் மிகவில்லை என்று கால்டெர்மா காட்டியதை, அளவில் வேறுபாடேயன்றித் தன்மையில் வேறுபாடு அன்று எனத் தள்ளியது.

மூவரில் ஒருவரான நீதிபதி பாலின் நியூமன் இணங்கவில்லை. காப்புரிமையைத் தாக்குவோர் சுமக்கவேண்டிய பாரம் உரிமையாளர் தலையில் ஏற்றப்பட்டது என்பது அவர் கருத்து. அதை எளிதில் ஒதுக்க முடியாது. 0.01க்கும் 1க்கும் இடையே நூறு மடங்கு தூரம். அத்தனை அகன்ற வலையில் எந்த மீன்தான் தப்பும்? ஆயினும், வலைக்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் புதிது புதிதாக உரிமை கிடைக்குமானால், மலிவான மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியின் நிலை என்னாகும் என்பதும் மெய்யான கேள்வியே. அன்றைய தீர்ப்பில், வழக்குக்கு வந்த ஐந்து காப்புரிமைகளின் உரிமைக் கூற்றுகளும் செல்லாதனவாயின.