எக்கோ சவுண்டரும் ஐந்தாம் மாத ஸ்கேனும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பாம்பனில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். விசைப்படகு வைத்திருக்கிறான். மனைவிக்கு ஐந்தாம் மாதம். மறுநாள் ராமநாதபுரத்தில் ஸ்கேன். "மூளையெல்லாம் பார்ப்பாங்களாம். வயித்துக்குள்ள இருக்குற பிள்ளை மூளையை எப்படி சார் பார்ப்பாங்க?" என்றான்.

"உன் படகு எக்கோ சவுண்டர் மீனைக் காட்டுதே, அப்படித்தான்" என்றேன். சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் இந்த வித்தையை முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிகளைத் தேட உருவாக்கினார்கள். பிறகு இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், போரில் விமானப்படையில் இருந்தவர். 1955-ல் அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்கே போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு இறைச்சியும் கொண்டுபோனாராம்! 1958-ல் மெக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் இருவருடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் முடிவுகளை எழுதினார். அதில் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவின் படமும் உண்டு.

அவை அசையாத படங்கள். 1965-ல் சீமென்ஸ் நிறுவனத்தின் கருவி வந்த பிறகுதான் அசைவைப் பார்க்க முடிந்தது. 1982-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் டி விரீஸ், விஸ்ஸர், பிரெக்டல் மூவரும் ஸ்கேனில் சிசுவின் அசைவுகளை வாரவாரமாகப் பதிவு செய்து எழுதினார்கள். எட்டு வாரத்தை ஒட்டி உடல் அசைகிறது. அப்புறம் விக்கல், கை முகத்தைத் தொடுவது, கொட்டாவி. தாய்க்கு அசைவு தெரிவதோ ஐந்தாம் மாதம் போலத்தான். யாரும் தூண்டாமல் நரம்பு மண்டலமே எழுப்பும் அசைவு இது. அதனால் அசைவின் தன்மையை வைத்து மூளையின் நலத்தை அறியலாம் என்றார் பிரெக்டல். 2008-ல் குரோவேஷியாவின் குர்ஜாக், நான்கு பரிமாண ஸ்கேனில் முகபாவம், கை அசைவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். (அங்கேயும் மார்க்!) சாதாரண ஸ்கேனில் இது செய்வதில்லை.

1983-ல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தாயின் வயிற்றில் ஒலி கொடுத்து, சிசு கண்ணை இறுக்குகிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்கள். 24, 25 வாரத்தில் தொடங்கி, 28 வாரத்துக்குப் பிறகு தவறாமல் இறுக்கியது. ஏழாம் மாத வளைகாப்பை நினைத்து, "முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்" என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சமயத்தில் பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பெரிய விஷயம் வேறு. 1983-ல் ராமேஸ்வரம் தீவில் வேலை பார்த்தேன். சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதுவரை ரயில் ஒன்றே வழி. உடன் வேலை பார்த்தவரின் மனைவிக்கு முதல் பிரசவம். பிள்ளைக்கு மேல் மண்டையோடு இல்லை. ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று அந்தப் பெண்ணைத்தான் ஏசினார்கள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் வாய் திறக்கவில்லை; எனக்கும் அன்று தெரியாது.

அதே குறையை 1972-லேயே ஸ்டூவர்ட் கேம்பெல் இங்கிலாந்தில் ஸ்கேனில் கண்டுபிடித்திருந்தார். கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் இப்படிப்பட்ட குறைகள் பெருமளவு குறையும் என்று 1991-ல் நிரூபணமானது. ஒரு சின்ன மாத்திரை. கிரகணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இத்தனையும் காட்டும் கருவியிடம் நம் ஆட்கள் பலர் கேட்டது, ஆணா பெண்ணா என்றுதான். அதைத் தடுக்க 1994-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. 1996-ல் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். இன்றும் என்னிடமே ஜாடையாக விசாரிக்கிறார்கள், நான் என்னவோ டாக்டர் மாதிரி.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. "தலை, முதுகெலும்பு எல்லாம் சரியா இருக்காம் சார். முகத்தைத்தான் சரியா பார்க்க முடியல. கையை வச்சு மறைச்சிருச்சு."